துருக்கியரின் தேசியமும் பிறநாட்டுக் கொள்கையும்

ஒரு நாட்டின் பிறநாட்டுக் கொள்கையை நிருணயிப்பது அந்நாட்டின் பூகோள நிலையே என்று வாதிப்போர், தம் கூற்றுக்குச் சான்றாக முதலில் எடுத்துக்காட்டுவது துருக்கியையே. கருங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குச் செல்லும் நீர்வழி அதன் கையில் உள்ளது. வடக்கே கடலுக்கப்பால் இரஷ்யா. மேற்கே பால்கன் நாடுகள். தெற்கே அரபு உலகம். இத்தகைய இடத்தில் அமைந்த அரசு வேறெவ்வாறு நடந்துகொள்ள முடியும் என்று அவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயின் நீரிணைகள் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றுக்கு உரிய நாடு 1921இல் சோவியத் இரஷ்யாவின் நண்பனாகவும், 1952இல் நேட்டோவின் உறுப்பு நாடாகவும், 1955இல் பாண்டுங் மாநாட்டில் மேற்கு நாடுகளின் வழக்கறிஞனாகவும், 2003இல் அமெரிக்கப் படைகளுக்கு வழிவிட மறுத்த நாடாகவும் தோற்றமளித்திருக்கிறது. மலையும் கடலும் இம்மாற்றங்களுக்கு விடை கூறமாட்டா. ‘துருக்கியர் என்போர் யார்?’ என்ற கேள்விக்கு அவ்வக்காலத்தில் அதிகாரத்தில் இருந்தோர் தந்த விடையும், அவ்விடையை உள்நாட்டில் நிலைநிறுத்த அவர்கள் பட்ட பாடுமே இவற்றின் பின்னால் நிற்கின்றன. அவ்விடைக்குள் அடங்காதோருக்கு நேர்ந்த கதியையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இவ்வரலாறு விளங்காது என்பது நமது கருத்து.

உதுமானியப் பேரரசின் காலத்தில் ‘துருக்கியன்’ என்ற சொல்லுக்குப் பெருமை எதுவும் இருந்ததில்லை. இஸ்தான்புல்லின் கற்றோரும் உத்தியோகத்தரும் தம்மை உதுமானியர் என்றே அழைத்துக்கொண்டனர். துருக்கியன் என்றால் அவர்களுக்கு அனத்தோலியாவின் நாட்டுப்புறக் குடியானவன். சுல்தானின் குடிகள் மொழியாலன்றி மதத்தாலேயே வகைப்படுத்தப்பட்டிருந்தனர். 1912, 1913ஆம் ஆண்டுகளின் பால்கன் யுத்தங்களிலே பேரரசின் ஐரோப்பியப் பிரதேசங்கள் பெரும்பாலும் பறிபோயின. அங்கிருந்து இலட்சக்கணக்கான முஸ்லிம்கள் அகதிகளாக ஓடிவந்தனர். பேரரசைக் காப்பாற்ற முடியாதெனில் துருக்கியருக்கென ஒரு தாயகத்தையேனும் உண்டாக்குவோம் என்ற எண்ணம் அப்போது ஆட்சியிலிருந்த இளந்துருக்கியரிடையே வலுத்தது. அவ்வெண்ணம் சென்று முடிந்த இடம் 1915இல் ஆர்மீனிய மக்கள்மீது நடத்தப்பட்ட இன அழிப்பு. துருக்கிய அரசு அதனை இன்றுவரை அப்பெயரால் ஏற்கவில்லை. உலகின் தலைநகரங்களிலெல்லாம் அச்சொல்லை மறுத்துக்கொண்டிருப்பது அந்நாட்டுத் தூதுவர்களின் நிரந்தர வேலைகளுள் ஒன்றாகிவிட்டது.

முதலாம் உலக யுத்தத்தில் வென்ற நாடுகள் 1920 ஓகஸ்ட் 10ஆந் திகதி செவ்ர் உடன்படிக்கையைச் சுல்தானின் பிரதிநிதிகள்மீது திணித்தன. இஸ்மிர் நகரம் கிரேக்கரின் நிருவாகத்தில். நீரிணைகள் சர்வதேச ஆணைக்குழுவொன்றின் கீழ். கிழக்கிலே ஓர் ஆர்மீனிய அரசு. குர்திஷ் மக்களுக்குச் சுயாட்சி. எஞ்சிய பகுதிகளிற் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் செல்வாக்கு வலயங்கள். இவ்வாறு கூறுபோடப்பட்ட நாட்டை முஸ்தபா கமாலின் தலைமையில் நடந்த விடுதலைப் போர் மீட்டது. செவ்ர் உடன்படிக்கை ஒரு நாளேனும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 1923 யூலை 24ஆந் திகதி லோசான் உடன்படிக்கை அதன் இடத்தைப் பிடித்தது. ஏகாதிபத்தியவாதிகள் எழுதிய தீர்ப்பை ஓர் ஆசிய நாடு ஆயுதபலத்தால் அழித்தெழுதிய அந்நிகழ்ச்சி, அடிமைப்பட்டுக் கிடந்த கீழைத்தேயங்களிலே எழுப்பிய உவகை பெரிது. ஆயின் செவ்ர் ஏட்டிலிருந்து மறைந்தபின்னும் மனத்திலிருந்து மறையவில்லை. வெளியார் நாட்டைத் துண்டாட என்றும் காத்திருக்கின்றனர். உள்ளே வாழும் சிறுபான்மையினர் அவர்களின் கையாட்கள் என்ற அச்சம் புதிய குடியரசின் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது. அதற்கு மெய்யான காரணமும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. மெய்யான காரணமுள்ள அச்சமே ஆள்வோருக்கு மிகவும் பயன்படுவது.

லோசானிலே முதலிற் கைச்சாத்தானது சமாதான உடன்படிக்கையன்று. 1923 ஜனவரி 30ஆந் திகதி கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட குடிமக்கள் பரிமாற்ற ஒப்பந்தமே அங்கு முதலில் ஒப்பமிடப்பட்டது. துருக்கியின் கிரேக்க வைதீகக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்தின் முஸ்லிம்கள் துருக்கிக்கும் செல்லவேண்டுமென அது கட்டாயமாக விதித்தது. முன்பே ஓடிப்போனோரையும் சேர்த்து ஏறத்தாழ 12 இலட்சம் கிறிஸ்தவரும் 4 இலட்சம் முஸ்லிம்களும் இவ்வாறு இடம் மாறினர். கப்படோக்கியாவிலே துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, அதனைக் கிரேக்க எழுத்தில் எழுதி வாழ்ந்த கிறிஸ்தவர்கள் இருந்தனர். அவர்கள் ‘கிரேக்கர்’ என்று அனுப்பப்பட்டனர். கிறீற் தீவிலே கிரேக்க மொழி பேசிய முஸ்லிம்கள் இருந்தனர். அவர்கள் ‘துருக்கியர்’ என்று வரவழைக்கப்பட்டனர். மதத்தை அரசிலிருந்து அகற்றப் புறப்பட்ட குடியரசு, தன் மக்கள் யார் என்பதை மதம் என்ற அளவுகோலைக் கொண்டே அளந்தது. இந்த முரண்பாட்டை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர் நடந்தவற்றுக்கெல்லாம் இது தோற்றுவாய்.

இப்பரிமாற்றத்திலிருந்து விலக்கப்பட்டோர் இருசாரார். மேற்குத் திரேஸ் பகுதியின் முஸ்லிம்கள் கிரேக்கத்திலே இருக்கவும், இஸ்தான்புல்லின் கிரேக்கர், ஏறத்தாழ ஓரிலட்சம் பேர், துருக்கியிலே இருக்கவும் அனுமதிக்கப்பட்டனர். ஒருவரது நலனுக்கு மற்றவர் பிணை என்பது இதன் உட்பொருள். பிணையாக வைக்கப்பட்டவன் குடிமகனாகக் கணிக்கப்படுவதில்லை.

1924 மார்ச் 3ஆந் திகதி கலீபாப் பதவி ஒழிக்கப்பட்டது. அப்பதவியைக் காக்கவென இந்தியாவிலே அலி சகோதரர் தலைமையில் முஸ்லிம்களும், காந்தியடிகளின் ஆதரவோடு இந்துக்களும் கிலாபத் இயக்கம் நடத்திச் சிறை சென்றிருந்தனர். அங்காராவில் அதைப் பொருட்படுத்தியவர் எவருமில்லை. மறு ஆண்டு நவம்பரில் துருக்கித் தொப்பியும் சட்டத்தால் விலக்கப்பட்டது. நமது நாட்டில் 1905ஆம் ஆண்டு அதே தொப்பியை அணிந்து உயர் நீதிமன்றத்தில் வழக்குரைக்கும் உரிமைக்காக எம். ஸீ. அப்துல் காதர் என்ற வழக்கறிஞர் உறுதியாக நின்றதும், அவருக்காக முஸ்லிம் மக்கள் கொழும்பிலே திரண்டதும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. கொழும்பில் உரிமையின் சின்னமாயிருந்தது இருபது ஆண்டுகளில் அங்காராவிற் குற்றமாயிற்று. ஐரோப்பியனாக மாறுவதென முடிவு செய்த ஆளும் குழு, கீழைத்தேயத்தோடு தன்னைப் பிணைத்த நூல்களை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தது.

சோவியத் நட்பைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். விடுதலைப் போரிலே கமாலுக்குப் பொன்னும் ஆயுதமும் தந்தது லெனினது அரசாங்கம். 1921 மார்ச் 16ஆந் திகதி மொஸ்கோவில் நட்புடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1928இல் இஸ்தான்புல் தக்சீம் சதுக்கத்தில் எழுப்பப்பட்ட குடியரசு நினைவுச் சின்னத்திலே சோவியத் பிரமுகர்களின் உருவங்களும் இடம்பெற்றன. இவையெல்லாம் உண்மை. மொஸ்கோ உடன்படிக்கைக்கு ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு முன்னர், ஜனவரி 28ஆந் திகதி இரவு, துருக்கிக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர் முஸ்தபா சுப்ஹியும் தோழர் 14 பேரும் கருங்கடலிலே படகில் வைத்துக் கொலை செய்யப்பட்டதும் உண்மை. வெளியே தொழிலாளரது அரசோடு நட்பு. உள்ளே தொழிலாளரது கட்சிக்குக் கடலிற் புதைகுழி. இரு செயல்களையும் செய்தது ஒரே வர்க்கம், ஒரே நோக்கத்தோடு. மொஸ்கோவும் அக்கொலைகளை அறிந்துகொண்டே ஒப்பமிட்டது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

குர்திஷ் மக்களின் விடயம் இதனினும் தெளிவானது. எண்ணெய் வளம் கொண்ட மோசுல் மாகாணம் ஈராக்கிலே பிரித்தானியரின் கையிலிருந்தது. அங்கு குர்திஷ் மக்கள் பெருந்தொகையாக வாழ்ந்தனர். லோசான் மாநாட்டிலே இஸ்மெத் பாஷா, அங்காரா அரசாங்கம் துருக்கியருக்கும் குர்திஷ் மக்களுக்கும் ஒரேயளவு உரிய அரசாங்கம் என்று வாதாடி அம்மாகாணத்தைக் கோரினார். வெளிநாட்டு மேசையில் குர்திஷ் இனம் இருந்தது. நாட்டிற்குள்ளே அது விரைவில் இல்லாமற் போயிற்று. கலீபாப் பதவி ஒழிந்த அதே 1924இல் குர்திஷ் மொழிக்குக் கல்வியிலும் பொதுவாழ்விலும் இடம் மறுக்கப்பட்டது. 1925இல் ஷெய்க் சையித் தலைமையிற் கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்கப் பிறந்த ஒழுங்கு பேணற் சட்டம் எதிர்க்கட்சியையும் பத்திரிகைகளையும் சேர்த்தே விழுங்கியது. அவ்வாண்டு டிசெம்பரிற் சர்வதேச சங்கம் மோசுலை ஈராக்குக்கு வழங்கியபோது, சொந்த நாட்டின் குர்திஷ் கிராமங்களிற் பட்டாளத்தை நிறுத்தியிருந்த அங்காரா அதனை எதிர்த்துப் போரிடும் நிலையில் இல்லை. 1926 யூனில் அது இணங்கிற்று.

இரண்டாம் உலக யுத்தத்தின் நடுநிலையை நாம் விரைவாகக் கடந்து செல்லலாம். ஆயின் அந்நடுநிலையின் நடுவே, 1942 நவம்பரில், முஸ்லிமல்லாத வணிகர்மீது பன்மடங்கு சுமத்தப்பட்ட செல்வ வரியையும், அதனைச் செலுத்த முடியாதோர் கிழக்கே அஷ்காலேயின் பனியிலே கல்லுடைக்க அனுப்பப்பட்டதையும் கடந்து செல்ல முடியாது. யுத்தம் முடியுந்தறுவாயில், 1945 யூனில், சோவியத் அரசு கார்ஸ், அர்தஹான் பிரதேசங்களையும் நீரிணையிற் படைத்தளத்தையும் கேட்டது. இது பெரும் பிழை. துருக்கியிலே சோவியத் நாட்டின் நண்பர்களை ஊமையாக்கி, அதன் பகைவர்களுக்கு ஒரு தலைமுறைக்கு வேண்டிய வாதத்தைக் கொடுத்த பிழை. 1947 மார்ச்சில் ட்ரூமன் தமது கோட்பாட்டை அறிவித்தபோது துருக்கியின் கதவு திறந்தே கிடந்தது.

1950 மே 14ஆந் திகதி நடந்த தேர்தலில் ஜனநாயகக் கட்சி வென்றது. அட்னான் மெண்டெரஸ் பிரதமரானார். அய்தின் பகுதியின் பெரும் நிலக்கிழாரான இவர் அரசியலில் முன்னணிக்கு வந்தது 1945ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்தே. எனினும் இவருக்கு வாக்களித்தோரிற் பெரும்பாலோர் குடியானவர். கால் நூற்றாண்டாக வரிகாரனையும் பொலிஸ்காரனையுமே அரசாங்கமென்று கண்டோர். அவர்களுக்குப் புதிய அரசாங்கம் கொடுத்த முதற்பரிசு பாங்கொலி. 1932 தொடக்கம் துருக்கி மொழியிலே ஒலிக்கவேண்டுமென விதிக்கப்பட்டிருந்த பாங்கு, யூன் நடுப்பகுதியில் மீண்டும் அரபியில் ஒலித்தது. ஆறு வாரங்கள் கழியுமுன், யூலை 25ஆந் திகதி, பாராளுமன்றத்தைக் கேளாமலே மந்திரிசபை 4,500 பேர் கொண்ட படையைக் கொரியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. இவ்விரண்டையும் தனித்தனி நிகழ்ச்சிகளாகக் காண்பது தவறு. நேட்டோவின் வாயிலைத் திறக்க வேண்டியிருந்தது. அதற்குக் குடியானவனின் மகன் வேண்டும். அவனுக்கோ தன் மதம் திரும்பக் கிடைத்திருந்தது. கொரியாவில் மடிந்தோர் ஷஹீதுகள் எனப் போற்றப்பட்டனர். தாம் கேள்விப்பட்டிராத நாட்டில் எழுநூறுக்கு மேற்பட்ட துருக்கியச் சிப்பாய்கள் உயிர் துறந்தனர். 1952 பெப்ரவரி 18ஆந் திகதி துருக்கி நேட்டோவிற் சேர்ந்தது.

எதிர்த்துப் பேசியோர் இல்லாமலில்லை. சமாதான விரும்பிகள் சங்கத்தின் தலைவியான சமூகவியலறிஞர் பெஹிஜே போரான் கொரியப் படையனுப்பலைக் கண்டித்துத் துண்டுப்பிரசுரம் வெளியிட்டமைக்காக 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பன்னிரண்டு ஆண்டுச் சிறைவாசத்தின் பின் அவ்வாண்டிலேயே வெளிவந்த கவிஞர் நாசிம் ஹிக்மெத் மறு ஆண்டு நாட்டைவிட்டுத் தப்பியோட நேர்ந்தது. அவரது பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது.

நேட்டோ உறுப்பினராகி மூன்றாண்டுகள் சென்றபின், 1955 ஏப்பிரிலில், துருக்கி பாண்டுங் மாநாட்டுக்கு வந்தது. வந்த பாத்தின் ருஷ்து சோர்லு நடுநிலைமை என்ற கருத்தையே ஆபத்தானதென்று சாடினார். சோவியத் ஆதிக்கமும் ஒருவகைக் குடியேற்றவாதமே என்ற வாதத்தை அம்மாநாட்டிலே எழுப்பி நேருவின் சினத்துக்கு ஆளானவர் நமது பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை. துருக்கி அவருக்குப் பக்கபலமாக நின்றது. அல்ஜீரிய மக்கள் பிரான்சை எதிர்த்து இரத்தம் சிந்திய ஆண்டுகளிலும், ஐக்கிய நாடுகள் சபையிலே அவர்களது விடுதலை பற்றிய வாக்கெடுப்புகளில் துருக்கி ஒதுங்கி நின்றது. ஏகாதிபத்தியத்துக்கெதிரான முதற்பெரும் போரை வென்ற நாட்டின் பிரதிநிதிகள் இவ்வாறு நடந்தமை ஆசிய ஆபிரிக்க மக்களின் மனத்தில் ஆறாத கசப்பை விட்டுச்சென்றது. அதன் விலை என்னவென்பதைச் சைப்பிரஸ் விவகாரம் காட்டியது.

சைப்பிரஸ் தீவு 1878 தொடக்கம் பிரித்தானியரின் நிருவாகத்திலிருந்தது. லோசானிலே துருக்கி அதன்மீதான உரிமையைக் கைவிட்டது. தீவின் மக்களில் ஐந்தில் நால்வர் கிரேக்கர். ஏறத்தாழ 18 வீதத்தினர் துருக்கியர். சைப்பிரஸ் பிரச்சினை என்றொன்று தமக்கு இல்லையென்று 1950இல் துருக்கிய வெளிநாட்டமைச்சரே கூறியிருந்தார். ஐந்தாண்டுகளுக்குள் அது தேசத்தின் மானப் பிரச்சினையாகியது எவ்வாறு? 1955 ஏப்பிரில் முதலாந் திகதி, கிரேக்கத்தோடு இணையக் கோரிய ஈயோக்கா இயக்கம் பிரித்தானியருக்கெதிராக ஆயுதமேந்தியது. தீவைக் கைவிட விரும்பாத பிரித்தானியர், கிரேக்கரின் கோரிக்கைக்கு எதிரே நிறுத்துவதற்குத் துருக்கியின் கோரிக்கையொன்று எழுவதை விரும்பினர். ஓகஸ்ட் 29ஆந் திகதி லண்டனிலே முத்தரப்பு மாநாட்டைக் கூட்டினர். பிரித்தாளும் அப்பழைய வித்தை நமக்குப் புதிதன்று. ஆயின் பிரித்தானியரைமட்டும் குறைசொல்லி அமைவது போதாது. மெண்டெரஸ் அரசாங்கத்துக்கு அப்போது வீட்டிலே நெருக்கடி. நல்ல விளைச்சலும் மார்ஷல் உதவியில் வந்த உழவு இயந்திரங்களும் தந்த செழிப்பு 1954இல் முடிந்துவிட்டது, விலைகள் ஏறின, கடன் பெருகியது, கேட்ட 30 கோடி டொலர் கடனை அமெரிக்கா மறுத்தது. கோப்பி அருந்தும் நாட்டிலே கோப்பிக்கே தட்டுப்பாடு. ‘சைப்பிரஸ் துருக்கியருடையது’ என்ற பெயரிலேயே ஒரு சங்கம் 1954 ஓகஸ்டில் தோன்றியிருந்தது. பத்திரிகைகள் நாள்தோறும் எண்ணெய் ஊற்றின.

லண்டன் மாநாடு நடந்துகொண்டிருக்கையில், செப்டெம்பர் 6ஆந் திகதி அதிகாலை, கிரேக்கத்தின் சலோனிக்கா நகரிலே துருக்கியக் கொன்சல் காரியாலய வளவினுள் ஒரு குண்டு வெடித்தது. அத்தாதுர்க் பிறந்த வீடு அதனருகே இருந்தது. சேதம் சில யன்னற் கண்ணாடிகளே. அன்று பிற்பகல் ‘இஸ்தான்புல் எக்ஸ்பிரஸ்’ என்ற பத்திரிகை, அத்தாதுர்க்கின் வீடு குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று என்று விசேட பதிப்பு வெளியிட்டது. நாளாந்தம் ஏறத்தாழ 20,000 பிரதி விற்ற அப்பத்திரிகை அன்று அச்சிட்டது மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான பிரதிகள். அத்தனைக்கும் வேண்டிய கடதாசி முன்கூட்டியே எங்கிருந்து வந்தது என்ற வினாவைப் பின்னர் பலரும் எழுப்பினர். மாலையிலே தக்சீம் சதுக்கத்தில் கூட்டம் கூடியது. நகருக்கு வெளியேயிருந்து லொறிகளில் ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். கடப்பாறைகளும் மண்வெட்டிகளும் லொறிகளிலேயே இருந்தன. எது கிரேக்கரின் கடை, எது வீடு என்பதைச் சுட்டிக்காட்டவும் ஆட்கள் இருந்தனர். பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றனர். இத்தகைய இரவுகள் தாமாக விடிவதுமில்லை, தாமாக மூள்வதுமில்லை என்பதை ஈழத்து வாசகருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இரவு முழுவதும் பெயோலுவின் பெருந்தெருவில் துணிச்சுருள்களும் உடைந்த தளபாடங்களும் முழங்காலளவு குவிந்தன. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் பிற கட்டிடங்களும் தாக்கப்பட்டன; 70க்கு மேற்பட்ட தேவாலயங்களும் 26 பாடசாலைகளும் அவற்றுள் அடங்கும். கல்லறைகளும் தோண்டப்பட்டன. ஆர்மீனியரது கடைகளும் யூதரது கடைகளும் தப்பவில்லை. முகவரி தெரியாத கும்பலுக்கு முஸ்லிமல்லாதவர் எல்லோரும் ஒருவரே. இறந்தோர் பத்துப்பேருக்கு மேல். சரியான தொகை பற்றிக் கணக்குகள் வேறுபடுகின்றன. கொள்ளையிட வந்தோர் பெரும்பாலும் கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி நகருக்கு வந்த ஏழைகள். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு துணிச்சுருள், ஒரு சோடிச் சப்பாத்து. வெளியேறிய கிரேக்க வணிகரின் இடத்தைப் பின்னர் பிடித்தோர் அன்றிரவு தெருவில் இறங்கவேயில்லை. அதே மாதத்தில் உலகின் பைசாந்திய வரலாற்றறிஞரெல்லாம் இஸ்தான்புல்லிலே மாநாடு கூடினர் என்பதையும் இடையே குறித்துக்கொள்வோம்.

பழியை யார்மேற் போடுவது? அரசாங்கம் சிறிதும் தயங்கவில்லை. இது கம்யூனிஸ்டுகளின் சதி என்றது. அசீஸ் நெசின், கெமால் தாகிர் முதலிய எழுத்தாளர் உட்பட நாற்பதுக்கு மேற்பட்ட இடதுசாரிகள் கைதாகி இராணுவச் சிறையில் அடைக்கப்பட்டனர். நாட்டின் தலைசிறந்த நகைச்சுவை எழுத்தாளரை இக்குற்றத்துக்கு ஆளாக்கியது அவர் எழுதியிருக்கக்கூடிய எந்த நகைச்சுவைக் கதையையும் மிஞ்சியது. சில மாதங்களின்பின் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். சலோனிக்காக் குண்டின் தொடர்பிலே கிரேக்க நீதிமன்றத்தாற் குற்றவாளியாகக் காணப்பட்டவரோ மேற்குத் திரேஸைச் சேர்ந்த ஒரு துருக்கியச் சட்ட மாணவர். அவர் துருக்கிக்குச் சென்று, பின்னாளில் ஒரு மாகாணத்தின் ஆளுநர் பதவிவரை உயர்ந்தார். 1960 மே 27ஆந் திகதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் யஸ்ஸியாடாத் தீவில் நடந்த விசாரணையில், செப்டெம்பர் நிகழ்ச்சிகளுக்கு மெண்டெரஸும் சோர்லுவும் பொறுப்பாளிகள் என்று தீர்ப்பாயிற்று. இருவரும் 1961 செப்டெம்பரில் வேறு குற்றங்களுக்காகத் தூக்கிலிடப்பட்டனர். இராணுவத்தார் அமைத்த அந்நீதிமன்றத்தின் நீதியை நாம் மெச்சவில்லை. ஆயினும் அந்நிகழ்ச்சிகள் திட்டமிட்டவை என்பது அதன் தீர்ப்பை மாத்திரம் நம்பி நிற்கும் உண்மையன்று.

பிணையாளிகளின் துன்பம் அத்தோடு முடியவில்லை. 1960இற் சுதந்திரமடைந்த சைப்பிரஸில் 1963 டிசெம்பரிலே இரு இனத்தாரிடையே இரத்தக்களரி மூண்டது. துருக்கிய சைப்பிரியர் கொல்லப்பட்டனர், ஊர்களை விட்டோடினர். மக்காரியோஸ் அரசாங்கத்தின் குற்றம் இதிற் சிறிதன்று. அங்காராவில் அப்போது பிரதமராயிருந்தவர் இஸ்மெத் இனோனு, லோசானில் பேசிய அதே இஸ்மெத் பாஷா. அவரது அரசாங்கம் 1964 மார்ச் 16ஆந் திகதி, கிரேக்கத்தோடு 1930இற் செய்த வதிவு ஒப்பந்தத்தை முறித்தது. அவ்வொப்பந்தத்தின்கீழ் இஸ்தான்புல்லிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த, கிரேக்கக் கடவுச்சீட்டுக் கொண்ட ஏறத்தாழ 12,000 பேர் கட்டங்கட்டமாக வெளியேற்றப்பட்டனர். கொண்டுசெல்ல அனுமதிக்கப்பட்டவை 20 கிலோ பாரமும் 200 லீராப் பணமும். அவர்களின் மனைவியரும் பிள்ளைகளும் பலர் துருக்கியப் பிரஜைகள்; அவர்களும் உடன்செல்ல நேர்ந்ததால் வெளியேறியோர் தொகை முப்பதினாயிரத்தைத் தாண்டியது. சொத்துகள் முடக்கப்பட்டன, அம்முடக்கம் 1988 வரை நீடித்தது. நிக்கோசியாவிலுள்ள மக்காரியோசைத் தண்டிக்க இஸ்தான்புல்லின் தையற்காரனையும் ரொட்டிக்கடைக்காரனையும் கப்பலேற்றினர். மக்காரியோஸ் அசையவில்லை. ஓரிலட்சமாயிருந்த அச்சமூகத்தில் இன்று எஞ்சியிருப்போர் சில ஆயிரம் பேரே.

இந்நிலையிற்றான் 1964 யூன் 5ஆந் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சனின் கடிதம் இனோனுவுக்கு வந்தது. துருக்கி சைப்பிரஸிலே படையிறக்கிச் சோவியத் யூனியன் தலையிட நேரிடின் நேட்டோ நாடுகள் துருக்கியைக் காக்கக் கடமைப்பட்டவை எனக் கொள்ளவேண்டாம்; அமெரிக்கா தந்த ஆயுதங்களை இதற்குப் பயன்படுத்தவும் முடியாது என்பது அதன் சாரம். கொரியாவில் எழுநூறு பேரைக் கொடுத்துப் பெற்ற நட்பின் எல்லை எதுவென்பதை அக்கடிதம் காட்டிற்று. 1966 ஜனவரியில் அது பத்திரிகையில் முழுமையாக வெளிவந்தபோது நாடே கொதித்தது. அதற்கு முந்திய மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் சைப்பிரஸ் பற்றி எடுக்கப்பட்ட தீர்மானத்துக்கு ஆதரவாக 47 நாடுகள் வாக்களித்தன. 54 நாடுகள் ஒதுங்கின. எதிர்த்தவை துருக்கியோடு அமெரிக்கா, ஈரான், பாகிஸ்தான், அல்பேனியா ஆகிய ஐந்தே. பாண்டுங்கிலே யாருக்குப் போதனை செய்தார்களோ அந்த நாடுகளிடம் இப்போது வாக்குக் கேட்டு நின்றனர், கிடைக்கவில்லை.

1961ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தந்த சுதந்திரத்தில், தொழிற்சங்கவாதிகளால் தொடங்கப்பட்ட துருக்கித் தொழிலாளர் கட்சி 1965 தேர்தலில் 15 ஆசனங்களை வென்றது. சிறைமீண்ட பெஹிஜே போரானும் அவருள் ஒருவர். நேட்டோவும் அமெரிக்கத் தளங்களும் முதன்முறையாகப் பாராளுமன்றத்திலே கேள்விக்குள்ளாயின. 1968 யூலையில் மாணவர் அமெரிக்க ஆறாவது கடற்படையின் மாலுமிகளை டோல்மபாச்சே கரையிற் கடலுக்குள் தள்ளினர். பிறநாட்டுக் கொள்கை மக்களின் கையில் அகப்பட்ட காலம் அதுவெனலாம். ஆயினும் அவ்விடதுசாரிகளிற் பலரும் சைப்பிரஸ் விடயத்திற் ‘தேசத்தின் மானம்’ என்ற பழைய பாட்டையே வேறு சுருதியிற் பாடினர். அமெரிக்காவை எதிர்க்கக் கற்றவர்கள், 1964இற் கப்பலேறிய அயலவனுக்காகப் பேசக் கற்கவில்லை. இது நம்மை மிகவும் சிந்திக்க வைக்கும் விடயம்.

1974 யூலை 20ஆந் திகதி, கிரேக்க இராணுவக் குழுவின் சதிக்கு மறுமொழியாகச் சைப்பிரஸிலே படையிறக்கிய பிரதமர் புலந்த் எஜெவித் ஒரு கவிஞர்; தாகூரின் கீதாஞ்சலியைத் துருக்கி மொழியிற் பெயர்த்தவர்; சமூக ஜனநாயகவாதி. மதவாதியான எர்பகானின் கட்சி அவரது கூட்டாளி. வேறெதிலும் ஒத்துப்போகாத இருவரும் இதில் ஒத்துப்போயினர். ஓகஸ்டில் நடந்த இரண்டாம் படையெடுப்புக்குச் சதியைக் காரணங்காட்ட முடியாது. சதிகாரர் அதற்கு முன்பே வீழ்ந்துவிட்டனர். ஏறத்தாழ 1,60,000 கிரேக்க சைப்பிரியரும் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட துருக்கிய சைப்பிரியரும் வீடிழந்தனர். தீவு இன்றும் இரண்டாகவே கிடக்கிறது.

பிற்காலத்தில் ஆட்சிக்கு வந்தோர் மதத்தை மறைக்காமலே பேசினர். எனினும் 2003 மார்ச் முதலாந் திகதி நடந்தது எல்லாக் கணக்குகளையும் பொய்யாக்கியது. ஈராக்கைத் தாக்க 62,000 அமெரிக்கப் படையினர் துருக்கி மண்ணில் இறங்க அனுமதிக்கும் பிரேரணைக்கு ஆதரவாக 264 வாக்குகள், எதிராக 250. 19 பேர் ஒதுங்கினர். சமுகமளித்தோரிற் பாதிக்கு மேல் வேண்டுமென்ற விதியால் மூன்று வாக்குக் குறைவில் அது தோற்றது. ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தும் அதன் உறுப்பினரே எதிர்த்து வாக்களித்தனர். வெளியே அங்காராவின் தெருக்களிற் பல்லாயிரவர் திரண்டிருந்தனர். தொழிற்சங்கத்தானும் தொழுகையாளியும் ஒரே தெருவில் நின்ற அந்த நாள் துருக்கிய அரசியலில் அரிதானது. அமெரிக்காவுக்குப் பணியாமையே வாக்களித்த பலரையும் ஒன்றிணைத்தது. வட ஈராக்கிலே குர்திஷ் அரசொன்று பிறந்துவிடுமோ என்ற அச்சமும் சிலரை உந்தியது என்பதை விட்டுவிடலாகாது.

அந்த அச்சம் பிறகு ஆண்டுகளை ஆண்டது. 2015 யூன் 7ஆந் திகதித் தேர்தலிற் குர்திஷ் மக்களையும் இடதுசாரிகளையும் ஒன்றுசேர்த்த மக்கள் ஜனநாயகக் கட்சி 13 வீத வாக்குகளைப் பெற்றது. எர்டோகானின் கட்சி பாராளுமன்றப் பெரும்பான்மையை இழந்தது. ஒரு மாதத்துக்குச் சிறிது கழிந்ததும் குர்திஷ் கிளர்ச்சியாளரோடு நடந்த சமாதானப் பேச்சு முறிந்தது. நவம்பரில் மீண்டும் தேர்தல். பெரும்பான்மை திரும்பக் கிடைத்தது. 2016 ஓகஸ்டிலும் 2018 ஜனவரியிலும் துருக்கியப் படைகள் சிரியாவுக்குள் நுழைந்தன. இரண்டாம் முறை இலக்கானது குர்திஷ் மக்கள் வாழ்ந்த அப்ரின். அதற்குள் ஆளுங்கட்சி தீவிர தேசியவாதிகளின் தோளிலே சாய்ந்து நின்றது. சிரியாவிலே எது செய்யப்படுகிறது என்பதை அறிய அங்காராவின் வாக்குக் கணக்கைப் பார்த்தாற் போதுமென்ற நிலை உண்டாயிற்று.

2016 ஜனவரியில், தென்கிழக்கின் குர்திஷ் நகரங்களிலே நடந்த இராணுவ நடவடிக்கைகளை நிறுத்துமாறு கோரிய அறிக்கையொன்றில் 1,128 பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஒப்பமிட்டனர். பின்னர் இத்தொகை இரண்டாயிரத்தைத் தாண்டியது. பலர் பதவியிழந்தனர், கடவுச்சீட்டுப் பறிக்கப்பட்டது, வழக்குத் தொடரப்பட்டது. தண்டிக்கப்பட்டோரிற் பெரும்பாலோருக்கு விதிக்கப்பட்ட தண்டனை 15 மாதம். பெஹிஜே போரானுக்குக் கொரியாவின் பேரால் விதிக்கப்பட்டதும் அதுவே. 2019 யூலை 26ஆந் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம், இத்தண்டனைகள் கருத்துச் சுதந்திரத்தை மீறியவை என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் எட்டுக்கு எட்டாகப் பிரிந்தமையால் தலைவரின் வாக்கே முடிவு செய்தது.